அரபு அகராதியில் ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? வேர் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அரபு எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தும், அகராதியைத் திறந்ததும் திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வயதில் ஓதக் கற்று, பொருள் தெரியாமலே வளர்ந்தவர்கள் உண்டு. வயதான பிறகு இலக்கிய ஆசையில் எழுத்துப் பழகியவர்களும் உண்டு. இரண்டு வகையினரோடும் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். தடுக்கி விழும் இடம் இருவருக்கும் ஒன்றுதான். ‘மக்தபா’ (நூலகம்) என்ற சொல்லை மீம் எழுத்தின் கீழ் தேடுவார்கள். அது அங்கே இருக்காது. நம் ‘க’ போன்ற சின்ன காஃப், தா, பா என்ற மூன்று எழுத்து வேரின் கீழ், அதாவது அந்தச் சொல் பிறந்த மூல எழுத்துகளின் கீழ் இருக்கும்.

அரபு அகராதிகளில் பெரும்பாலானவை வேர் வரிசையில் அமைந்தவை. சொல்லிலிருந்து வேரைப் பிரித்தெடுக்கும் வேலையை அகராதி செய்து தராது, நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை மாற்றினால் கிடைப்பது தவறான வேர்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

முதலில், 28 எழுத்துகளின் வரிசை. அலிஃப், பா, தா, ஸா, ஜீம் என்று ஓதும் வரிசைதான் அகராதியின் வரிசையும். ஐனுக்கு முன் எது, பின் எது என்று கேட்டவுடன் சொல்ல வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அலிஃபிலிருந்து விரல் விட்டு எண்ணுபவருக்கு ஒரு பக்கம் வாசிக்க ஒரு வாரம் ஆகும்.

அடுத்தது அகராதி. இன்றைய எழுத்து நடைக்கு ஹான்ஸ் வேர் தொகுத்தது போதும். 1952இல் ஜெர்மனிலும் 1961இல் ஆங்கிலத்திலும் வந்தது. பழைய நூல்களுக்கு எட்வர்ட் லேன் தொகுத்த எட்டுப் பாகங்கள். அரபுக்கு அரபு வேண்டுமென்றால் கெய்ரோ மொழிக் கழகத்தின் அல்முஃஜம் அல்வஸீத். தொடக்கத்தில் முதல் ஒன்று மட்டும் போதும். மூன்றையும் விரித்து வைத்தால் மூன்றிலும் தொலைவீர்கள்.

மூன்றாவது, ஒரே வேர் கூடுதல் எழுத்து சேர்ந்தும் இரட்டித்தும் எடுக்கும் வினையின் பத்து வடிவங்களை எண்ணிட்டு எழுதிய ஒரு தாள். மனப்பாடமாக இல்லாவிட்டாலும் கண் முன்னால் இருக்கட்டும்.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை முதல் ஆறு மாதம் மூடி வையுங்கள். அது ஒரு பொருளைச் சொல்லும், வேரைச் சொல்லாது. அடுத்த சொல்லுக்கு மறுபடியும் அதனிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு குறிப்பு. இங்கே தொண்டையின் அடியிலிருந்து எழும் காஃபைப் பெரிய காஃப் என்றும், நம் ‘க’ போன்றதைச் சின்ன காஃப் என்றும் சொல்கிறேன். ஜீமை அடுத்து வருவது பெரிய ஹா, கடைசிப் பக்கம் வருவது சின்ன ஹா.

2. தமிழில் எழுதியதிலிருந்து வேர் தேடாதீர்கள்

நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. ‘அலீம்’ என்று தமிழில் எழுதினால் அது எந்தச் சொல்? ஐனில் தொடங்கினால் ‘நன்கறிந்தவன்’. ஹம்ஸாவில் தொடங்கினால் ‘வலி தருவது’. ‘அதாபுன் அலீம்’ என்பதில் இருப்பது இரண்டாவது. தமிழ் எழுத்தில் வேறுபாடே தெரியாது. அகராதியிலோ இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பக்கங்கள். ‘கல்ப்’ பெரிய காஃபில் இதயம், சின்ன காஃபில் நாய்.

எனவே சொல்லை எப்போதும் அரபு எழுத்தில் பார்த்தே எடுங்கள். காதில் விழுந்த சொல்லானால், ஸீனா ஸாதா, தாவா தோவா என்று எல்லா வாய்ப்பையும் தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

3. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அச்சுகள்

இலக்கணப் புத்தகங்கள் வாய்பாட்டை ஃபா-ஐன்-லாம் என்று தொடங்கும். முதல் வகுப்பிலேயே பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். தமிழ்ப் பேச்சிலிருந்து தொடங்குவது எளிது என்பது என் அனுபவம். பாரசீகம், உருது வழியாக ஆட்சி மொழியில் கலந்து நம் தாலுகா ஆபீஸ் வரை வந்துவிட்ட அரபுச் சொற்கள் ஏராளம்.

மாமூல், மகசூல். சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் ‘ம’, கடைசி எழுத்துக்கு முன் ‘ஊ’. செயலுக்கு உள்ளானதைக் குறிக்கும் அச்சு இது, மஃப்ஊல் என்பார்கள். மாமூலின் வேர் ஐன்-மீம்-லாம்: செய்தல். செய்து செய்து வழக்கமாகிவிட்டதுதான் மாமூல். ‘அமுல்’ அதே வேரில் பிறந்தது. மகசூலின் வேர் பெரிய ஹா-ஸாத்-லாம்: கிடைத்தல், சேர்தல். அதே வேரைத் தஃப்ஈல் என்ற அச்சில் போட்டால் தஹ்ஸீல், வசூலித்தல். நம் தாசில்தாரின் ‘தாசில்’ அதுதான். ஒட்டியிருக்கும் ‘தார்’ பாரசீகம்.

ஆஜர், ஜாமீன், வாரிசு, பாக்கி, ஆலிம். இவையெல்லாம் செய்பவரைக் குறிக்கும் ஃபாஇல் அச்சு. முதல் எழுத்தை அடுத்து ‘ஆ’, இரண்டாம் எழுத்தை அடுத்து ‘இ’. ஆஜரின் மூலம் ஹாளிர், வந்து நிற்பவர். நடுவில் இருப்பது லாத் என்ற எழுத்து. பாரசீக வாய் வழி வந்ததால் ஆஜரிலும் ஜாமீனிலும் அது ‘ஜ’ ஆயிற்று. ஓதும் வாய் வழி வந்ததால் ரமலானில் ‘ல’ ஆயிற்று. இரண்டும் ஒரே எழுத்து என்று சொன்னால் வகுப்பில் யாரும் முதலில் நம்புவதில்லை.

அச்சு முதலில் தெரிய வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. எது அச்சு, எது வார்க்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்கும் கண் இல்லாமல் அடுத்த படிகளைச் செய்தால், கண்ட எழுத்தையெல்லாம் வெட்டித் தள்ளுவீர்கள்.

4. வேரில்லாத சொற்களை ஒதுக்குங்கள்

மின், ஃபீ, இலா, அன், அலா, லம், லன், ஹல் போன்ற இடைச்சொற்களுக்கு வேர் தேட வேண்டாம். சுமார் 40 சொற்கள். அரைநாளில் மனப்பாடம் ஆகும். இதைச் செய்யாதவர்கள் ‘இலா’வுக்கு வேர் தேடி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கிவிட்டு வருவார்கள்.

5. முன்னால் ஒட்டியதை நீக்குதல்

இனி ஒரே சொல்லை வைத்துப் போவோம்: வஸயஸ்தக்பிலூனஹும். ‘மேலும் அவர்கள் இவர்களை வரவேற்பார்கள்’ என்பது ஒரே சொல்லில். உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் 12 எழுத்து: வாவ், ஸீன், யா, ஸீன், தா, பெரிய காஃப், பா, லாம், வாவ், நூன், சின்ன ஹா, மீம்.

வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். முதலில் ‘வ’ (மேலும்) அல்லது ‘ஃப’ (எனவே). பிறகு எதிர்காலம் காட்டும் ‘ஸ’, அல்லது பெயர்ச்சொல் என்றால் பி, லி, க. அதன் பிறகே ‘அல்’. வினையானால் கடைசியாக யா, தா, நூன், ஹம்ஸா என்ற நான்கில் ஒன்று. நம் சொல்லில் வாவ், ஸீன், யா மூன்றும் போயின. மீதி ஒன்பது.

இங்கே விழும் குழிகள் மூன்று. ‘வலத்’ (பிள்ளை) என்பதன் வாவ் வேருக்கே சொந்தம், அதை வெட்டக்கூடாது. ஃபா, சின்ன ஹா, மீம் என்ற மூன்று எழுத்தை ‘ஃபஹிம’ (புரிந்துகொண்டான்) என்றும் வாசிக்கலாம், ‘ஃபஹும்’ (எனவே அவர்கள்) என்றும் வாசிக்கலாம். வாக்கியத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. மூன்றாவது, ‘லி’ வந்து ‘அல்’லோடு சேர்ந்தால் அலிஃப் மறைந்து இரண்டு லாம் மட்டும் நிற்கும். வேரில் இரட்டை லாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

6. பின்னால் ஒட்டியதை நீக்குதல்

இங்கும் வெளியிலிருந்துதான். முதலில் ஹு, ஹா, ஹும், க, கும், நா, நீ போன்ற சுட்டு ஒட்டுகள். பிறகு பன்மை, இருமை விகுதிகள்: ஊன், ஈன், ஆத், ஆன், ஐன். கடைசியில் பெண்பால் தா. நம் சொல்லில் ‘ஹும்’ போயிற்று, ‘ஊன்’ போயிற்று. மீதி ஐந்து: ஸீன், தா, பெரிய காஃப், பா, லாம்.

முன்பக்கத்தை முதலில் முடித்துவிட்டுப் பின்பக்கம் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னால் ‘யா’ இருந்தது தெரிந்தால் இது வினை என்று உறுதி. அப்போது பின்னால் இருக்கும் வாவும் நூனும் ‘அவர்கள்’ என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

பெண்பால் தா சொல்லின் முடிவில் வட்டமாக, மேலே இரண்டு புள்ளியோடு இருக்கும். அதன் பின் ஒட்டு ஏதாவது வந்தால் விரிந்து சாதாரணத் தாவாகிவிடும். மத்ரஸா, மத்ரஸத்துஹு. இந்தத் தாவை வேரில் சேர்ப்பவர்கள் நிறைய.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ‘அவ்காத்’ என்பதைப் பார்த்ததும் ‘ஆத்’ பன்மை என்று வெட்டுவார்கள். அது ‘வக்த்’ (நேரம்) என்பதன் பன்மை, தா வேருக்குரியது. ‘வஜ்ஹ்’ (முகம்) என்பதன் ஹாவும் அப்படித்தான். ‘அவனுடைய’ என்று படித்து அதை வெட்டினால் மிஞ்சுவது இரண்டே எழுத்து.

7. உள்ளே நுழைந்தவற்றைப் பிரித்தல்

மூன்றுக்கு மேல் மிஞ்சினால், அதில் கூடுதலாகச் சேர்ந்த எழுத்து இருக்கிறது. எல்லா எழுத்தும் அப்படிச் சேராது. பத்து எழுத்துகள் மட்டுமே சேரும். அவற்றை நினைவில் வைக்க ஒரு பழைய சூத்திரச் சொல் உண்டு: ஸஅல்துமூனீஹா. ‘அதை என்னிடம் கேட்டீர்கள்’ என்று பொருள். ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, சின்ன ஹா, அலிஃப். இந்தப் பத்தில் இல்லாத எழுத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் வேர் எழுத்துதான், வட்டமிடலாம். நம் சொல்லில் பெரிய காஃபும் பாவும் பட்டியலில் இல்லை. இரண்டுக்கும் வட்டம். ஸீன், தா சேர்ந்து வந்தால் பத்தாம் வடிவம். அவற்றை நீக்கினால் பெரிய காஃப்-பா-லாம். வேர் கிடைத்துவிட்டது.

இரட்டித்த ஒலி இந்தப் பட்டியலுக்கு வெளியே. ‘முஅல்லிம்’ (ஆசிரியர்) என்பதன் லாமில் ஷத்து, அதாவது இரட்டித்தலைக் காட்டும் குறி, இருக்கிறது. அது இரண்டாம் வடிவத்தின் அடையாளம், வேரில் ஒரு லாம்தான். மசோதாவும் இந்த வடிவமே. மூலம் ‘முஸவ்வதா’, வேர் ஸீன்-வாவ்-தால்: கறுப்பு. மையால் கறுத்த தாள்தான் மசோதா.

மிக அதிகமாக ஏமாற்றுவது நூன். ‘முன்கஸிர்’ (உடைந்தது) என்பதில் மீமும் நூனும் சேர்ந்தவை, வேர் சின்ன காஃப்-ஸீன்-ரா. ‘முன்ஸிஃப்’, நம் முன்சீப், அதேபோலத்தான் தெரியும். ஆனால் அதில் நூனை நீக்கினால் இரண்டே எழுத்து. எனவே நூன் வேரில் ஒன்று: நூன்-ஸாத்-ஃபா, பாதி. பாதிக்குப் பாதியாகப் பிரித்து நியாயம் செய்பவர். வெட்டும் முன் மூன்று மிஞ்சுமா என்று எண்ணிப் பாருங்கள்.

மிஞ்சினாலும் தவறலாம். ‘இன்தகல’ (இடம் பெயர்ந்தான்) என்பதில் ‘இன்’ நீக்கித் தா-காஃப்-லாம் தேடுவார்கள். உண்மையில் எட்டாம் வடிவம், வேரின் முதல் எழுத்தை அடுத்துத் தா நுழைந்திருக்கிறது. வேர் நூன்-பெரிய காஃப்-லாம். நம் ‘நகல்’ இதே வேர். ‘இன்’னை அடுத்துத் தா வந்தால் எட்டாம் வடிவத்தை முதலில் சோதியுங்கள்.

எட்டாம் வடிவத்தில் இன்னொரு தொல்லை. வேர் வாவில் தொடங்கினால் அந்த வாவும் தாவாகி இரட்டிக்கும். ‘இத்திஸால்’ (தொடர்பு) என்பதன் வேர் வாவ்-ஸாத்-லாம். வந்து சேர்தல் என்ற பொருளுள்ள நம் ‘வசூல்’ இதே வேர். ‘இத்’ என்று இரட்டித்தால் வாவைச் சந்தேகப்படுங்கள்.

8. மூன்றுக்குக் குறைவாக மிஞ்சினால்

பாதிப் பேர் கைவிடும் இடம் இது. அவசரம் வேண்டாம். காணாமல் போன எழுத்து ஒரு சிலவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலில், கடைசி எழுத்து இரட்டையா? ‘ரத்’ என்பதில் ராவும் தாலும்தான் கண்ணுக்குத் தெரியும். ஷத்தை விரித்தால் ரா-தால்-தால், திருப்பி அனுப்புதல். நம் ரத்து.

அடுத்து, நடுவில் அலிஃப் இருக்கிறதா? ‘கால’ (சொன்னான்). அலிஃப் வேராக நிற்பதில்லை, வாவோ யாவோதான் அப்படி மாறியிருக்கும். வாவை முதலில் பாருங்கள், கிடைக்காவிட்டால் யா. ‘கால’ வாவ், ‘பாஅ’ (விற்றான்) யா.

மூன்றாவது, முதல் எழுத்து வாவாக இருந்து விழுந்திருக்கலாம். ‘யஸிலு’ என்பதில் யாவை நீக்கினால் ஸாதும் லாமும்தான். வேர் அதே வாவ்-ஸாத்-லாம். ‘ஸிஃபத்’ (பண்பு) என்பதிலும் வாவ் விழுந்திருக்கிறது.

நான்காவது, கடைசி எழுத்து விழுந்திருக்கலாம். ‘லம்’ வந்தாலும் கட்டளையானாலும் இறுதி வாவும் யாவும் உதிரும்.

இரண்டு விபத்தும் ஒரே சொல்லில் நடந்தால்? ஓதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த துஆவில் (இறைவேண்டலில்), குர்ஆன் 2:201இல், அப்படி ஒரு சொல் இருக்கிறது: வகினா. எழுத்தில் வாவ், பெரிய காஃப், நூன், அலிஃப். புதியவர்கள் வாவ்-காஃப்-நூன் என்று தேடுவார்கள். ஒழுங்காக உரியுங்கள். முன்னால் உள்ள வாவ் ‘மேலும்’. பின்னால் ‘நா’ எங்களை. மிஞ்சுவது காஃப் என்ற ஒற்றை எழுத்து, ‘கி’! இது ஒரு கட்டளை. முதல் எழுத்து வாவ் விழுந்துவிட்டது, கடைசி எழுத்து யாவும் விழுந்துவிட்டது. வேர் வாவ்-பெரிய காஃப்-யா: காத்தல். கண்ணுக்குத் தெரிந்த வாவ் வேருடையதல்ல, வேருடைய வாவ் கண்ணுக்குத் தெரியவில்லை. தக்வா, முத்தகீன் என்று தினமும் கேட்கும் சொற்களும் இதே வேர்தான். அவற்றில் வாவ் தாவாக மாறியிருக்கிறது. நாற்பது வருடமாக இந்த துஆவை ஓதிய ஒருவர், ‘கி’ மட்டும் மிஞ்சிய தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹம்ஸாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது வாவின் மேலும் யாவின் மேலும் உட்காரும். ‘ஸுஆல்’ (கேள்வி), நம் சவாலின் மூலம், வாவின் மேல் ஹம்ஸாவோடு எழுதப்படும். வாவ் வெறும் நாற்காலி. வேர் ஸீன்-ஹம்ஸா-லாம்.

9. உள்ளுக்குள் மாறும் பன்மைகள்

கிதாப் குதுப் ஆகும், வக்ஃப் அவ்காஃப் ஆகும், ஆலிம் உலமா ஆகும், மஸ்ஜித் மஸாஜித் ஆகும். விகுதி இல்லை, சொல்லின் உள்ளே உயிர் மாறுகிறது. கவலை வேண்டாம், ஏழாம் படியின்படி உரித்தால் அதே வேர் வந்துவிடும். பன்மையை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள், ஏனென்றால் எந்த ஒருமைக்கு எந்தப் பன்மை என்று ஊகிக்க முடியாது.

10. அகராதிக்குள்

ஹான்ஸ் வேரில் ஒரு வேரின் கீழ் முதலில் வினைகள், வடிவ எண்ணோடு ரோமன் இலக்கத்தில் வரும். பிறகு பெயர்கள், சிறியதிலிருந்து பெரியதாக. கடைசியில் வினையாலணையும் பெயர்கள். ‘முஸ்தக்பல்’ (எதிர்காலம்) தேடுபவர் முதல் ஐந்து வரியில் இல்லையென்று மூடிவிடக் கூடாது. பதிவின் இறுதிவரை போக வேண்டும். முடிந்தால் பதிவு முழுவதையும் வாசியுங்கள். ஒரு வேரை ஒருமுறை முழுதாக வாசித்தவருக்குப் பத்துச் சொல் ஒரே நேரத்தில் பழகிவிடும்.

லேன் 1876இல் இறந்தபோது பெரிய காஃபின் தொடக்கப் பகுதியில்தான் இருந்தார். அதன் பிறகான பகுதி அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு தொகுத்தது, மெலிந்திருக்கும். மீம், நூன் வேர்களில் விரிவு இல்லையே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இப்னு மன்ளூர் 1290இல் முடித்த லிஸானுல் அரப் என்ற பழைய அரபு அகராதியைத் திறப்பவர்கள் கவனிக்க: அதன் மூல அமைப்பு வேரின் கடைசி எழுத்து வரிசை. சின்ன காஃப்-தா-பா வேண்டுமென்றால் பாவின் அத்தியாயத்தில் காஃப் பிரிவைத் தேட வேண்டும். முதல் எழுத்து வரிசையில் மாற்றி அச்சிட்ட பதிப்புகளும் இருக்கின்றன. கையில் இருப்பது எதுவென்று முதலில் பார்த்துவிடுங்கள்.

11. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வினையை அடுத்து வரும் இடைச்சொல்லைப் பாருங்கள். ‘ரகிப ஃபீ’ என்றால் விரும்பினான். ‘ரகிப அன்’ என்றால் வெறுத்து ஒதுங்கினான். ஓர் இடைச்சொல்லில் வாக்கியம் தலைகீழாகும்.

நூலின் காலத்தையும் பாருங்கள். ‘ஸய்யாரா’ இன்று கார். குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் வழிப்போக்கர் கூட்டம். ‘கிதார்’ இன்று ரயில், முன்பு வரிசையாகக் கட்டிய ஒட்டகங்கள். ‘ஜரீதா’ இன்று செய்தித்தாள், முன்பு இலை உரித்த ஈச்சமட்டை.

12. ஒரு பழைய அரைவரியில் பழகுங்கள்

ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர் இம்ருஉல் கைஸின் நெடும்பாடல் இப்படித் தொடங்குகிறது: கிஃபா நப்கி மின் திக்ரா ஹபீபின் வமன்ஸிலி.

‘கிஃபா’: பெரிய காஃப், ஃபா, அலிஃப். அலிஃப் இருவரைக் குறிக்கும் விகுதி. மிஞ்சுவது இரண்டு, கட்டளை, ஆகவே முன்னால் வாவ் விழுந்திருக்கிறது. வாவ்-காஃப்-ஃபா: நிறுத்துதல். நம் வக்ஃபு வாரியத்தின் வக்ஃபு. ‘நில்லுங்கள், இருவரும்.’

‘நப்கி’: நூன் ‘நாம்’. மிஞ்சுவது பா, சின்ன காஃப். கடைசி யா உதிர்ந்திருக்கிறது. ‘அழுவோம்.’ ‘மின்’ இடைச்சொல், வேர் தேட வேண்டாம். ‘திக்ரா’ புள்ளி வைத்த தால்-சின்ன காஃப்-ரா, நினைவு. ‘ஹபீப்’ பெரிய ஹா-பா-பா, அன்புக்குரியவர்.

‘வமன்ஸில்’: வாவ் ‘மேலும்’. மீம் இடம் காட்டும் அச்சின் மீம், மஸ்ஜிதிலும் மஜ்லிஸிலும் இருப்பதுதான். வேர் நூன்-ஸா-லாம், ஜீம் போல ஒலித்துவிடக்கூடாத அந்தப் புள்ளி வைத்த ரா வடிவ ஸா. இறங்குதல் என்று பொருள். ஒட்டகத்திலிருந்து இறங்கித் தங்கிய இடம், மன்ஸில். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீட்டு முகப்பில் பெயரோடு சேர்த்து எழுதியிருக்குமே, அதே சொல்.